புது மானிட்டரில் புள்ளி இருக்கிறதா? பில்லின் சூடு ஆறுவதற்குள் பார்த்துவிடுங்கள்

இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னை ரிச்சி தெருவில் 24 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தண்டையார்பேட்டை வந்து சேர்ந்தேன். எனக்கு வேலையெல்லாம் வெள்ளைப் பக்கத்தில்தான்: எக்செல், மெயில், இன்வாய்ஸ். பன்னிரண்டாம் நாள் ராத்திரி பையனோடு உட்கார்ந்து படம் பார்த்தபோது, இருட்டு வானத்தில் ஒரு பச்சை நட்சத்திரம் தெரிந்தது. காட்சி மாறியது, நட்சத்திரம் மட்டும் நகரவில்லை. அடுத்த காட்சியில் கதாநாயகனின் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. "அப்பா, ஹீரோ மூக்குத்தி போட்டுகினுகீறாரு" என்றான் பையன்.

மறுநாள் கடைக்குப் போனேன். "ஒரே ஒரு புள்ளிதானே சார், போகப் போகப் பழகிடும்" என்றார் கடைக்காரர். பில்லைத் திருப்பினால் 7 நாளுக்குள் மாற்றித் தரப்படும் என்று அச்சடித்திருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு புள்ளியெல்லாம் பழுதுக் கணக்கில் வராது என்றார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் செய்தால் பத்து நிமிட வேலை.

புள்ளி எப்படி வருகிறது

ஃபுல் எச்டி திரை என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல் (படத்தின் மிகச் சின்னத் துண்டு). ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னக் கட்டங்கள். ஆக 62 லட்சத்துக்கு மேல் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியின் மேலேயே பதித்த ஒரு டிரான்சிஸ்டர், அதாவது குட்டி மின் சுவிட்ச், உண்டு. பின்னாலிருந்து பேக்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் திரவப் படிகம் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடி வெளிச்சத்தை விடும், மறிக்கும். ஒரு கதவின் டிரான்சிஸ்டர் கெட்டுப் போனால் அந்தக் கதவு திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும். நம் கண்ணில் படும் புள்ளி அதுதான்.

எப்போதும் கறுப்பாகவே நிற்பது டெட் பிக்சல். ஏதோ ஒரு நிறத்தில் எரிந்துகொண்டே நிற்பது ஸ்டக் பிக்சல். கடையில் இரண்டையும் சேர்த்து "டெட் பிக்சல்" என்றே சொல்வார்கள். நீங்கள் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும்.

முதல் வேலை: துடைப்பது

சிரிக்காதீர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகிற நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து டப்பாவைப் பிரித்தால், பாதிப் "புள்ளி" தூசிதான். மானிட்டரை அணைத்துவிட்டு, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். வேட்டி நுனி, டிஷ்யூ பேப்பர் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. சில சமயம் கடுகை விடச் சின்னப் பூச்சி ஒன்று பேனலுக்குள்ளேயே (படம் தெரியும் கண்ணாடிப் பலகை) புகுந்துவிடும். கறுப்புப் புள்ளி மெதுவாக நடந்தால் அது பூச்சி. தயவுசெய்து விரலால் அழுத்திவிடாதீர்கள். உள்ளேயே நசுங்கினால் நிரந்தரமாகத் தங்கிவிடும். மானிட்டரை அணைத்து, இருட்டில் விட்டுவிட்டுப் போய்ப் படுங்கள். உள்ளே வெளிச்சம் இல்லையென்றால் சில சமயம் அதுவே வெளியேறிவிடும்.

அடுத்து: ஐந்து நிறம்

அறையை இருட்டாக்குங்கள். (கரண்ட் கட் ஆகும்வரை காத்திருக்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். மானிட்டர் எதில் ஓடும் என்று கேட்டேன்.) டிஸ்பிளே செட்டிங்கில் ரெசல்யூஷன், மானிட்டரின் சொந்த அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபுல் எச்டிக்கு 1920 × 1080. குறைத்து வைத்திருந்தால் பக்கத்துப் பிக்சல்களெல்லாம் கலந்து குழம்பிவிடும்.

இதற்கென்று சாஃப்ட்வேர் எதுவும் இறக்க வேண்டாம். விண்டோஸில் டெஸ்க்டாப் பின்னணியைப் படத்துக்குப் பதில் ஒரே நிறமாக வைக்க முடியும். ஐகான்களை மறைத்து, டாஸ்க்பாரையும் தானாக மறையும்படி விட்டால் போதும். இல்லையென்றால் பெயின்டில் 1920 × 1080 அளவில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படம் நிரப்பி ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

ஐந்தும் ஏன்? என் பச்சைப் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். அதில் பச்சைக் கட்டம் எப்போதும் திறந்தே நிற்கிறது. வெள்ளைத் திரையில் எல்லாப் பச்சைக் கட்டமும் திறந்துதான் இருக்கும், ஆகவே அது கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளும். பச்சைத் திரையிலும் அதே கதை. கறுப்பில்தான் பச்சையாக மாட்டிக்கொள்ளும். சிவப்புத் திரையில் மஞ்சளாகவும், நீலத்தில் வெளிர்நீலமாகவும் தெரியும். பன்னிரண்டு நாள் எக்செல்லையே முறைத்துக்கொண்டிருந்த என் கண்ணில் அது படாததற்குக் காரணம் இதுதான்.

தலைகீழான கணக்கும் உண்டு. சிவப்புக் கட்டம் மூடியே நின்றுவிட்டால் கறுப்புத் திரையில் ஒன்றும் தெரியாது, வெள்ளையில் வெளிர்நீலப் பொட்டாகத் தெரியும், சிவப்புத் திரையில் கறுப்பாகிவிடும். மூன்று கட்டமும் மூடி நின்றால் கறுப்பைத் தவிர மற்ற எல்லா நிறத்திலும் கறுப்புப் புள்ளி.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். நேர் எதிரே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, செய்தித்தாளில் வரி வரியாகப் போவது மாதிரி இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டுங்கள். 24 அங்குல ஃபுல் எச்டியில் ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான், ரவைத் துணுக்கை விடச் சின்னது. சும்மா மொத்தமாகப் பார்த்தால் தப்பித்துவிடும். கறுப்புத் திரையில் ஓரங்களில் வெளிச்சம் கசிவது போல இருந்தால் பயப்பட வேண்டாம். அது பேக்லைட் விவகாரம், புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புள்ளி கிடைத்துவிட்டதா? உறுதி செய்யுங்கள்

ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் வந்த படத்திலும் அதே இடத்தில் புள்ளி இருந்தால், பழுது கம்ப்யூட்டர் பக்கம். போனில் இல்லை, மானிட்டரில் மட்டும் இருக்கிறது என்றால் பேனல்தான். கேபிளையும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஆதாரம். போட்டோவில் புள்ளியைக் காட்டுவது பெரிய தலைவலி, திரையில் விரல் வைத்தால் விரல்தான் விழும். மவுஸ் அம்பின் நுனியைப் புள்ளியை ஒட்டி நிறுத்திவிட்டு எடுங்கள். கேமரா அம்பைப் பிடித்துக்கொள்ளும், புள்ளியும் பக்கத்திலேயே விழும். டப்பா பிரிப்பதிலிருந்து சீரியல் நம்பர், ஐந்து நிறம் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

கம்பெனி கணக்கு

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற சர்வதேசத் தரநிலை பேனல்களை நான்கு வகுப்பாகப் பிரித்தது. முதல் வகுப்பில் ஒரு புள்ளிகூட ஆகாது. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் பிக்சல் 2, எப்போதும் அணைந்த பிக்சல் 2, கெட்டுப்போன சின்னக் கட்டம் 5 வரை இருக்கலாம். ஃபுல் எச்டிக்கு இதை அப்படியே இரட்டியுங்கள். 2008-இல் இந்த இடத்தை ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற தரநிலை பிடித்துக்கொண்டது. விற்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்கென்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். பேனல்தான் மானிட்டரின் விலையில் பெரும்பங்கு. ஒரு புள்ளிக்காக ஒன்றைக் கழித்தால் விலை ஏறும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். நியாயம்தான், ஆனால் அதை டப்பாவின் மேலேயே எழுதலாமே!

எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. டெல் நிறுவனத்தின் அல்ட்ராஷார்ப் வரிசையில், எரியும் பிக்சல் ஒன்று இருந்தாலே வாரண்டிக் காலத்தில் மாற்றித் தருவதாக உறுதி கொடுக்கிறார்கள். கறுப்புப் புள்ளிக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரித்துத் தெரிந்துகொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

ஆகவே காசைக் கொடுக்கும் முன் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை புள்ளி இருந்தால் மாற்றித் தருவீர்கள்? எத்தனை நாளுக்குள்? முடிந்தால் பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலமே குறிக்கவில்லை என்றால் 30 நாள். என் பில்லில் 7 என்று தெளிவாக இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். உங்கள் வழக்கு அப்படி இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

கறுப்புக்கு வழியில்லை. நிறத்தில் நிற்கும் ஸ்டக் பிக்சலுக்கு, அந்த இடத்தில் மட்டும் நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் வீடியோவை அரை மணி நேரம் ஓடவிட்டால் சில சமயம் விடுபடும். எனக்கு விடுபடவில்லை. அது ஓடும்போது திரையைப் பார்க்காதீர்கள், வலிப்பு உள்ளவர்கள் இருக்கும் அறையில் ஓடவே விடாதீர்கள். துணி சுற்றிய பென்சில் முனையால் அழுத்தச் சொல்லும் வைத்தியத்தையும் கேட்டிருப்பீர்கள். ஒரு புள்ளி போய் நான்கு புள்ளி வர வாய்ப்புண்டு, வாரண்டியும் போய்விடும்.

பழைய மானிட்டர் வாங்குகிறவர்களுக்கு

ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டியவை கடைகளில் வரிசையாக நிற்கும், விலையும் மலிவு. இதில் ரிட்டர்ன் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. லேப்டாப், எச்டிஎம்ஐ கேபிள், பென் டிரைவ் மூன்றையும் எடுத்துப் போங்கள். பழசில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே இருக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தால் அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். ஆனால் மேலிருந்து கீழாக முடி போல ஒரு கோடு தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பேனல் ஓரத்தில் இணைப்பு விட ஆரம்பித்திருக்கும், அடுத்த கோடு வர நாளாகாது.

என் பச்சைப் புள்ளி மானிட்டர் இப்போது எம்.சி. ரோட்டில் மச்சானின் ஜவுளிக்கடையில் சிசிடிவி காட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு கட்டத்தில் குடோன் தெரியும் கட்டத்தில்தான் புள்ளி விழுகிறது. கேமரா ஓடுகிறது என்பதற்கான பச்சை விளக்கு அது என்று கடைப் பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மச்சானும் அப்படித்தான் நம்புகிறான்.