ஐபோன் மேப் ஆப்புல பக்கத்து இடம் தேடுற வசதி: பினாங்கை வச்சு ஒரு செய்முறை

மேப் காட்டுற ஆப் ஒண்ணு செஞ்சாச்சு, ஜோர்ஜ்டவுன் பளிச்சுன்னு தெரியுது, ஆனா யாராவது "நாசி கண்டார்"னு (பினாங்குல பேர் போன சோறு-கறிச் சாப்பாடு) தேடணும்னா டைப் பண்ண இடமே இல்ல. இந்தக் கட்டத்துல நிக்கிறவங்களுக்குத்தான் இது. தேடுற பெட்டி வைக்கிறது சின்ன வேலை. "பக்கத்துல"ன்னா பினாங்குல என்னன்னு ஆப்புக்குப் புரிய வைக்கிறதுதான் பெரிய வேலை, அதனால பாதி பதிவு அதுக்கே போகும்.

நான் எடுத்துக்கிட்டது ஸ்க்ரீன் அமைக்க ஸ்விஃப்ட்யூஐ, மேப்புக்கு ஆப்பிளோட மேப்கிட், ஐஓஎஸ் 17. மேப்கிட்டுக்கு ஏபிஐ கீ வேணாம், கார்டு நம்பர் கேக்காது, கத்துக்கிறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. கீழ வர்ற பேரையெல்லாம் எக்ஸ்கோடுல பாதி அடிச்சாலே மீதியை அதுவே எடுத்துக் குடுத்துடும்.

முதல்ல அனுமதி. எக்ஸ்கோடுல உங்க ஆப்போட டார்கெட்ல இன்ஃபோ டேப் போங்க, "ப்ரைவசி லொகேஷன் வென் இன் யூஸ்"னு ஆரம்பிக்கிற வரியைச் சேருங்க, எதுக்கு லொகேஷன் வேணும்னு அதுல ஒரு வாக்கியம் எழுதுங்க. இந்த வரி இல்லன்னா அனுமதி கேக்குற பெட்டியே வராது, நீங்க பாட்டுக்கு கோடுல தப்பு தேடிக்கிட்டு இருப்பீங்க.

அடுத்து பெட்டி. மேப்பை நேவிகேஷன் ஸ்டாக்குக்குள்ள வச்சு, சர்ச்சபிள் மாடிஃபையரை ஒட்டி, டைப் பண்றது போய் உட்கார ஒரு ஸ்டேட் வேரியபிள் குடுங்க. ஆன் சப்மிட் போட்டு அதுக்கு சர்ச்னு சொல்லிட்டா, கீபோர்டுல தேடு பட்டனை அமுக்கினதும் உங்க ஃபங்ஷன் ஓடும்.

அந்த ஃபங்ஷனுக்குள்ள எம்கே லோக்கல் சர்ச் ரெக்வெஸ்ட் ஒண்ணு உருவாக்குங்க. அதுல நேச்சுரல் லாங்குவேஜ் க்வெரிங்கிறது டைப் பண்ண சொல், ரீஜன்ங்கிறது எந்தப் பகுதியில தேடணும்ங்கிறது. அதை எம்கே லோக்கல் சர்ச்சுக்குள்ள போட்டு, ட்ரை அவெய்ட்னு சொல்லி ஸ்டார்ட் பண்ணா மேப் ஐட்டம்ஸ்னு ஒரு லிஸ்ட் வரும், ஒவ்வொண்ணுலயும் கடைப் பேரு, இடம், சிலதுல போன் நம்பர்கூட இருக்கும். லிஸ்டை ஃபார் ஈச்சுல ஓட்டி மார்க்கர் போட்டா ஊசி ஊசியா மேப்புல விழும்.

ஓட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி சிமுலேட்டர்ல ஃபீச்சர்ஸ் மெனு, லொகேஷன், கஸ்டம் லொகேஷன் போய் 5.416, 100.338னு குடுங்க, லெபோ பாசார் பக்கம் வரும். இதைச் செய்யாம நாசி கண்டார் தேடினா அமெரிக்காவுல தேடிக்கிட்டு நிக்கும் லா.

ஒண்ணுமே கிடைக்கலன்னா காலி லிஸ்ட் வரும்னு நினைப்பீங்க, வராது, எரர்தான் வரும். எம்கே எரர்ல 4ஆம் நம்பர், ப்ளேஸ்மார்க் நாட் ஃபவுண்ட். அதைப் பிடிச்சு "எதுவும் கிடைக்கல"ன்னு மரியாதையா காட்டுங்க. நெட் இல்லாத எரரையும் இதையும் ஒரே மெசேஜ்ல கலந்தா ஆளுங்க குழம்பிடுவாங்க.

இப்ப பெரிய வேலைக்கு வருவோம். ரீஜன் குடுத்தாச்சே, அதுக்குள்ளதான் தேடும்னு நம்பிடாதீங்க, அது ஒரு குறிப்பு மட்டும்தான், வெளிய இருக்கிறதும் வரும். சரி வர்றதை தூரம் பாத்து அடுக்கிடலாம்னு சிஎல் லொகேஷனோட டிஸ்டன்ஸ் ஃபங்ஷனைப் போட்டா, அது அளக்குறது நேர்கோட்டுல. தீவுப் பக்கம் வெல்ட் கீ ஃபெரி ஜெட்டியில நிக்கிறவருக்கு அக்கரையில இருக்கிற பட்டர்வொர்த் கிளினிக் மூணு கிலோமீட்டர்னு சொல்லும், நடுவுல கடல் இருக்கிறது அதுக்கு எங்க தெரியப் போகுது? ஃபெரில இப்ப கார் ஏறாது, மோட்டார் சைக்கிள் ஏறும். காருக்குப் பாலம், 1985ல திறந்த முதல் பாலமே 13.5 கிலோமீட்டர். காய்ச்சலோட கிளினிக் தேடுறவரை பாலம் தாண்டி அக்கரைக்கு அனுப்புற ஆப் எதுக்கு?

இதுக்கு பெரிய கணக்கு எதுவும் வேணாம், பினாங்கோட பூகோளமே உதவி பண்ணுது. அட்சரேகை 5.24லேர்ந்து 5.48 வரைக்கும், தீர்க்கரேகை 100.16லேர்ந்து 100.35 வரைக்கும் ஒரு பெட்டி போட்டா தீவு முழுக்க உள்ள வந்துடும், அக்கரை வெளிய நின்னுடும். ஆளோட தீர்க்கரேகை 100.35க்குக் கீழ இருந்தா இந்தப் பெட்டி, மேல இருந்தா அக்கரையில இருக்கிற பினாங்குப் பகுதியான செபராங் பிறைக்கு வேற பெட்டி. ரீஜனாவும் அதையே குடுங்க, வந்த லிஸ்டையும் ஃபில்டர் போட்டு பெட்டிக்கு வெளிய உள்ளதை நீக்குங்க, ரெண்டும் செய்யணும். "அக்கரையிலயும் காட்டு"ன்னு ஒரு டாகிள் வச்சா வேணும்கிறவங்க தட்டிக்குவாங்க.

தீவுக்குள்ளயும் ஒரு சிக்கல், நடுவுல 833 மீட்டர் மலை. ஆயிர் ஈத்தாம்ல இருக்கிறவருக்கு பாலிக் பூலாவ் நேர்கோட்டுல பக்கம்தான், ரோடோ வளைஞ்சு வளைஞ்சு போகும். அதனால முதல் நாலஞ்சு இடத்துக்கு மட்டும் எம்கே டைரக்ஷன்ஸ்ல கால்குலேட் ஈடிஏ (போய்ச் சேர ஆகுற நேரம்) கேட்டு, நிமிஷத்தை வச்சு அடுக்குங்க. எல்லாத்துக்கும் கேட்டீங்கன்னா ஆப்பிள் சர்வர் கொஞ்ச நேரம் உங்களைத் தள்ளி வச்சுடும், 3ஆம் நம்பர் எரர் வந்தா அதான் அர்த்தம்.

அதே காரணத்துக்காகத்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் லோக்கல் சர்ச்சை ஓட்டக்கூடாது. டைப் பண்ணும்போதே பரிந்துரை வரணும்னா அதுக்குன்னு எம்கே லோக்கல் சர்ச் கம்ப்ளீட்டர் இருக்கு, டெலிகேட் எழுதணும், ஆரம்பத்துல கொஞ்சம் கடுப்பா இருக்கும், முதல் வெர்ஷன்ல விட்டுடலாம்ங்கிறது என் கருத்து.

கடைசியா பேரு விஷயம். நம்ம ஆளுங்க "தண்ணீர்மலை"ன்னு தேடுவாங்க, "பினாங்கு ரோடு"ன்னு தேடுவாங்க, "மார்க்கெட் ஸ்ட்ரீட்"னு தேடுவாங்க, மேப்புல இருக்கிறது முறையே பாலதண்டாயுதபாணி (கோயில்), ஜாலான் பினாங், லெபோ பாசார். ஒரு டிக்ஷனரி வச்சு டைப் பண்ணதை முதல்ல அதுல பாத்து, இருந்தா மேப்புல இருக்கிற பேரா மாத்தி அனுப்புங்க. எல்லாப் பேரும் உங்க ஒருத்தருக்குத் தெரியாது, அதனால 4ஆம் நம்பர் எரர் வந்த சொல்லை மட்டும், ஆளோட லொகேஷன் இல்லாம, போன்லயே ஒரு ஃபைல்ல சேருங்க. டெஸ்ட் பண்ணித் தர்ற கூட்டாளிங்க அந்த ஃபைலை வாரம் ஒருக்கா அனுப்பினா, டிக்ஷனரில எதைச் சேக்கணும்னு அவங்க விரலே சொல்லிடும்.