குறைந்த பணத்தில் நல்ல நாற்காலி: புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டில் வந்து இறங்கிய முதல் மாதத்தில் வாடகை முன்பணம், கட்டில், மெத்தை, பாத்திரம் என்று பணம் கரைந்துகொண்டே இருக்கும். அந்தப் பட்டியலில் நாற்காலி கடைசியில்தான் வரும். பலருக்கு வரவே வராது. வீட்டோடு கிடைத்த சாப்பாட்டு மேசை, அதோடு ஒரு மர நாற்காலி, இது போதும் என்று லேப்டாப்பைத் திறந்துவிடுவார்கள். பகலில் வேலை அல்லது படிப்பு, மாலையில் விண்ணப்பங்கள், இரவில் வீட்டாரோடு வீடியோ கால். எல்லாம் அதே இருக்கையில்தான். சில மாதங்களில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், கழுத்து திரும்பாது. பழக்கமில்லாத நாட்டில் மருத்துவரைத் தேடி, காப்பீட்டைப் புரிந்துகொண்டு, பிசியோதெரபிக்கு நேரம் வாங்குவது பெரிய அலைச்சல். அதனால் நாற்காலியை ஆடம்பரச் செலவாக நினைக்காதீர்கள்.

அதே சமயம், முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டதை வாங்கவும் வேண்டாம். கையில் பணம் குறைவு என்றால் என் யோசனை இதுதான்: புத்தம் புதிய மலிவு நாற்காலியை விட, அலுவலகத்துக்கென்றே செய்யப்பட்ட பழைய நாற்காலி எப்போதும் மேல். அதையும் உங்கள் உடம்பை அளந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

வேலையில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் முதலில் அலுவலகத்தைக் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு நாற்காலி, மேசைக்கென்று ஒரு தொகை ஒதுக்கும் நிறுவனங்கள் நிறைய. சில இடங்களில் அலுவலக நாற்காலியையே வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் திரை முன் வேலை செய்பவர்களின் இருக்கை எப்படி இருக்க வேண்டும் என்று 1990லேயே விதி வந்துவிட்டது. உயரத்தை மாற்றக்கூடிய இருக்கை, உயரமும் சாய்வும் மாற்றக்கூடிய முதுகுப்பகுதி, கேட்பவர்களுக்குக் கால்பலகை என்று அது சொல்கிறது. புதிதாகச் சேர்ந்துவிட்டு உடனே கேட்பதா என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. கூச்சப்படாதீர்கள். மனிதவளத் துறைக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும், அவர்களுக்கு இது அன்றாடம் வரும் கேள்விதான். மாணவர்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். பழைய அறைகலன்களை விற்கவோ சும்மா கொடுக்கவோ பல பல்கலைக்கழகங்களில் தனிப் பிரிவே இருக்கிறது.

சரி, நீங்களேதான் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடினமான ஒரு நாற்காலியிலோ பெஞ்சிலோ நிமிர்ந்து உட்காருங்கள். வீட்டில் செருப்புப் போடும் பழக்கம் இருந்தால் அதோடு, இல்லையென்றால் வெறுங்காலோடு. பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும், தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இப்போது தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய இருக்கை உயரம். அடுத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து அதே பின்மடிப்பு வரை அளங்கள். அதில் மூன்று விரல் அகலத்தைக் கழித்தால் இருக்கையின் ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து முதுகுப்பகுதி வரையிலான நீளம், கிடைக்கும். கடைசியாக, தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கி, இருக்கையிலிருந்து முழங்கை வரை. கைப்பிடி அந்த உயரத்துக்கு வர வேண்டும். மூன்று எண்களையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுக்கு ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கடையில் இருக்கும் நாற்காலிகளில் பெரும்பாலானவை நடுத்தர உயரத்துக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஐந்தடி உயரம் உள்ள ஒருவருக்கு இருக்கை 38 செ.மீ. பக்கம் இருந்தால் போதும். பல நாற்காலிகளை எவ்வளவு கீழே இறக்கினாலும் 42, 43 செ.மீட்டரோடு நின்றுவிடும். விளைவு, குதிகால் தூக்கியே இருக்கும். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும், கால் மரத்துப்போகும். இருக்கை ஆழமாக இருந்தாலும் இதே கதைதான். முதுகைச் சாய்த்தால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தும். குத்தாமல் இருக்க முன்னால் நகர்ந்தால் முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் போய்விடும். உயரம் குறைந்த பெண்கள் பலர், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் முதுகுவலி போகவில்லை என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேசை இன்னொரு சங்கடம். சாதாரண மேசை 72 முதல் 75 செ.மீ. உயரம் இருக்கும். குள்ளமானவர் பாதம் பதியும்படி நாற்காலியை இறக்கினால், மேசை மார்பு வரை வந்து தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். மேசையை வெட்டவா முடியும்? அதனால் முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்திக்கொண்டு, காலுக்கடியில் ஒரு பலகையோ உறுதியான பெட்டியோ வையுங்கள். தடித்த புத்தகக் கட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தாலும் சரிதான். கால்பலகை என்று கடையில் விற்பதை விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

பழைய அலுவலக நாற்காலிகள் எங்கே கிடைக்கும்? நிறுவனங்கள் அலுவலகத்தைக் காலி செய்யும்போதும் இடம் மாறும்போதும் நூற்றுக்கணக்கான நாற்காலிகளை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அவற்றை வாங்கிச் சுத்தம் செய்து, பழுது நீக்கி விற்கும் கடைகள் பெரும்பாலான பெரிய நகரங்களில் இருக்கின்றன. ஊர்ப் பெயரோடு 'பழைய அலுவலக அறைகலன்' என்று உள்ளூர் மொழியில் தேடினால் வந்துவிடும். இந்தக் கடைகளில் இரண்டு லாபம்: நேரில் உட்கார்ந்து பார்க்கலாம், சிலர் சில மாத உத்தரவாதமும் தருவார்கள். தனி ஆட்கள் இணையத்தில் விற்பது இன்னும் மலிவு. மாதக் கடைசியிலும் கல்வியாண்டு முடியும் நேரத்திலும் வீடு மாறுபவர்கள் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள், அந்த நாட்களைக் குறிவைக்கலாம்.

மாடல்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன், பழைய சந்தையில் அடிக்கடி கண்ணில் படுபவை என்பதால். ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரான் 1994இல் வந்தது. முழுக்க வலைத்துணி. ஏ, பி, சி என்று சிறியதிலிருந்து பெரியது வரை மூன்று அளவுகளில் வருகிறது, இருக்கையின் ஆழத்தை மாற்ற முடியாது. ஆகவே அளவு தவறினால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தும் பயனில்லை. முதுகுப்பகுதியின் மேல்விளிம்புக்குப் பின்புறம் விரலை வைத்துத் தடவினால் சின்னப் புள்ளிகள் தட்டுப்படும். ஒன்று என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. ஸ்டீல்கேஸ் நிறுவனத்தின் லீப் 1999இல் வந்தது. அதில் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பதால் பல உடல்வாகுகளுக்குப் பொருந்தும். இருவர் ஒரே நாற்காலியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு நான் இந்த வகையைத்தான் சொல்வேன். இப்படிப்பட்டவை பல ஆண்டுகள் தினமும் எட்டு மணி நேர உழைப்பைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. ஐந்தாறு வருடம் ஓடியிருந்தாலும் மிச்சம் நிறைய இருக்கும்.

பார்க்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். விற்பவர் வாசலில் நின்றாலும், பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். இருக்கையை மேலே ஏற்றி, முழு எடையோடு உட்கார்ந்து, அப்படியே பேசிக்கொண்டிருங்கள். அது தானாக மெல்ல இறங்கினால், இருக்கையைத் தாங்கி ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர் போய்விட்டது என்று அர்த்தம். அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. சிலிண்டர் தனியாகக் கிடைக்கும், பெரிய பைப் ஸ்பேனர் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். குள்ளமானவர்களுக்கு உயரம் குறைந்த சிலிண்டரே உண்டு, அதைப் போட்டால் ஒரே வேலையில் இரண்டு பிரச்சினையும் தீரும். விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்து ஒவ்வொரு லீவரையும் இழுத்துப் பாருங்கள். சாய்வு பூட்டிக்கொள்கிறதா, விடுகிறதா? சாய்வின் இறுக்கத்தை மாற்றும் திருகு சுற்றுகிறதா? பிறகு நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். ஐந்து கால்களும் நடுவில் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அது உடைந்தால் ஆளோடு கீழே விழும். இருக்கையின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடலும் தயாரித்த ஆண்டும் பெரும்பாலும் இருக்கும். படம் எடுத்து இணையத்தில் தேடினால் விற்பவர் சொல்வது உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஃபோம் இருக்கை என்றால் முஷ்டியால் அழுத்துங்கள். அடிப்பலகை கையில் தட்டினால் ஃபோம் செத்துவிட்டது.

மூட்டைப்பூச்சியை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துணி போட்ட நாற்காலி என்றால் தையல் மடிப்புகளை விரித்து, போன் விளக்கை அடித்துப் பாருங்கள். பேனா முனையால் வைத்தது போன்ற கரும்புள்ளிகள், பூச்சி உரித்த தோல், வெளிறிய சிறு முட்டைகள் எது இருந்தாலும் தொட வேண்டாம். தெருவோரம் வைத்திருக்கும் மெத்தை வைத்த நாற்காலிகளைச் சும்மா கிடைக்கிறதே என்று தூக்கி வராதீர்கள். வாடகை வீட்டில் ஒருமுறை நுழைந்துவிட்டால் விரட்டுவதற்கு ஆகும் செலவில் புது நாற்காலியே வாங்கிவிடலாம். வலைத்துணியில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு, சோதிப்பதும் எளிது. சட்டகத்தின் இடுக்குகளை மட்டும் பார்த்துவிடுங்கள்.

எடுத்து வருவதையும் யோசியுங்கள். நல்ல அலுவலக நாற்காலி 20 கிலோவைத் தொடும், சுலபத்தில் பிரியாது. சக்கரம் இருக்கிறதே என்று தெருவில் உருட்டிக்கொண்டு வந்தால் சக்கரம் தேய்ந்துவிடும். கார் வைத்திருக்கும் நண்பரை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று சக்கரமும் தரையும். கடினமான சக்கரம் கம்பளத்துக்கு, ரப்பர் போன்ற மென்மையான மேற்பரப்பு உள்ள சக்கரம் மரத்தரைக்கும் டைல்ஸ் தரைக்கும். அலுவலகத்திலிருந்து வரும் நாற்காலிகளில் பெரும்பாலும் கம்பளத்துக்கான சக்கரமே இருக்கும். அதை மரத்தரையில் உருட்டினால் கோடு கோடாகக் கீறல் விழும், வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். மென்மையான சக்கரம் ஐந்து வாங்கி மாற்றிவிடுங்கள், பழையதை இழுத்தால் கையோடு வந்துவிடும். வாங்கும் முன் தண்டின் பருமனை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 11 மி.மீ., சிலவற்றில் 10 மி.மீ.

பழையது கிடைக்கவே இல்லை, புதிதுதான் வாங்க வேண்டும் என்றால், பார்வைக்குப் பெரிதாக இருப்பதைத் தவிருங்கள். முதலாளி நாற்காலி போலத் தடித்த ரெக்சின் மெத்தை வைத்தவை முதல் வாரம் சுகமாக இருக்கும். அப்புறம் மெத்தை அமுங்கும், ரெக்சின் செதில் செதிலாக உரியும். கேமிங் நாற்காலிகள் பந்தயக் கார் இருக்கையைப் பார்த்துச் செய்தவை. வளைவில் ஓட்டுநர் சரியாமல் இருக்கத்தான் அந்தப் பக்கவாட்டு மேடுகள், மேசை முன் உட்காருபவருக்கு அவை தோளைக் குறுக்கும். தலைசாய்ப்புக்கும் பணம் கொடுக்காதீர்கள், தட்டச்சு செய்யும்போது தலை அதில் படவே படாது. இருக்கை உயரம், கைப்பிடி உயரம், பூட்டக்கூடிய சாய்வு, இடுப்பின் வளைவைத் தாங்கும் முதுகு, இந்த நான்கும் உள்ள எளிய நாற்காலியே நல்லது. ஐரோப்பாவின் இ.என். 1335 அல்லது அமெரிக்காவின் பிஃப்மா தரத்தில் சோதிக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் கூடுதல் நம்பிக்கை. திருப்பிக் கொடுக்கும் தேதி முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

நாற்காலிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தைத் தனி கீபோர்டுக்கும் மவுசுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் திரை மேசை மட்டத்தில் இருக்கும்வரை, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கழுத்து தொங்கித்தான் போகும். புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை ஏற்றிவிட்டு, கீழே கீபோர்டை வைத்து வேலை செய்யுங்கள். நல்ல நாற்காலி கிடைக்கும்வரை மர நாற்காலியிலேயே ஓட்ட வேண்டும் என்றால், துண்டை உருட்டி இடுப்பு வளைவில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். சில வாரங்களைத் தள்ள அது போதும்.

வாங்கி வந்தபின் முதலில் இருக்கை உயரத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு ஆழம், அதன்பின் இடுப்புத் தாங்கல், கடைசியில் கைப்பிடி. கைப்பிடி மேசையில் இடித்து உங்களைத் தள்ளியே உட்கார வைக்கிறது என்றால் அதைக் கழற்றிவிடுவதே மேல். முதுகை விறைப்பாக 90 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது தேவையில்லை. சுவீடன் எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளில் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். தாங்கல் இல்லாமல் முன்னால் குனிந்து உட்காரும்போது அழுத்தம் கூடுவதையும், பின்னால் சாயும்போது குறைவதையும் அந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே கொஞ்சம் சாய்ந்தே உட்காருங்கள், 100 முதல் 110 டிகிரி வரை. சாய்வின் இறுக்கத்தை உங்கள் எடைக்கு ஏற்பத் திருகி வையுங்கள். லேசாகத் தள்ளினால் சாய வேண்டும், விட்டால் மெல்ல நிமிர்த்த வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள்.

இவ்வளவு செய்தும் வலி குறையாமல், காலில் மரமரப்போ சுருக்கென்ற இழுப்போ தொடர்ந்து இருந்தால், வேறு நாற்காலி தேடாமல் மருத்துவரிடம் போங்கள்.