ஓடையைக் காக்க விதி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ந்துவரும் ஊர்கள் ஓடைப் பாதுகாப்பு விதியை முதன்முறை எழுதும்போது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன. குப்பை கொட்டக் கூடாது, சாக்கடையைத் திறந்துவிடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுவோம். விதி இருக்கிறது, அனுமதி வாங்கித்தான் கட்டுகிறார்கள், அப்படியும் பத்துப் பதினைந்து ஆண்டில் ஓடை பாழாகிவிடுகிறதே, அதற்குக் காரணமான தவறுகளைப் பற்றித்தான் இது.

எங்கிருந்து அளப்பது என்று சொல்லாமல் விடுவது

“ஓடையிலிருந்து 15 மீட்டருக்குள் கட்டடம் கூடாது” என்று மட்டும் எழுதினால் அளப்பவர் நடுக்கோட்டிலிருந்து அளப்பார். ஓடை 12 மீட்டர் அகலம் என்றால் 6 மீட்டர் தண்ணீருக்குள்ளேயே போய்விடும்; கரையில் மிஞ்சுவது 9 மீட்டர். கரையின் மேல்விளிம்பிலிருந்து, இரு பக்கமும், கிடைமட்டத் தூரமாக என்று எழுதுங்கள். இடம் இருந்தால் 30 மீட்டர் கேளுங்கள். சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில் அதற்கும் மேல் வேண்டும், ஏனென்றால் அங்கே நீர் மண்ணில் இறங்க நேரமே கிடைக்காது.

வரைபடத்தில் உள்ள ஓடைகளை மட்டும் காப்பது

1:50,000 வரைபடத்தில் தலைப்பகுதிச் சிற்றோடைகள் பல இருக்காது. ஓர் ஓடைத் தொகுப்பின் மொத்த நீளத்தில் பெரும்பகுதி அவைதான். மழைக்காலத்தில் மட்டும் ஓடுவதால் “வெறும் பள்ளம்” என்று மூடிவிடுகிறார்கள். கரைத்தடமும் அலசப்பட்ட மணல், கூழாங்கல் படுகையும் தெரிந்தால் அது ஓடைதான் என்று வரையறுத்து, கள ஆய்வைக் கட்டாயமாக்குங்கள்.

பெருமழைக்கு மட்டும் குட்டை கட்டச் சொல்வது

அதிக விலை கொடுக்கவைக்கும் தவறு இது. புதிய வரைவுகளில் இன்னமும் இதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் காசையும் செலவழித்து ஓடையையும் கெடுக்கிற ஏற்பாடு இது.

விதி வழக்கமாக இப்படி இருக்கும்: 10 ஆண்டு மழைக்கும் 100 ஆண்டு மழைக்கும் நிலத்திலிருந்து வெளியேறும் உச்ச ஓட்டம் (ஒரு நொடிக்கு வெளியேறும் நீரின் அதிகபட்ச அளவு), கட்டடம் வருவதற்கு முன் இருந்ததைத் தாண்டக் கூடாது. (100 ஆண்டு மழை என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள மழை.) படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. பொறியாளர் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல வெளியே விடும் ஒரு தேக்கக் குட்டை வரைவார், கணக்குச் சரியாக வரும், கோப்பு நகர்ந்துவிடும்.

ஆனால் ஓடையின் அகலத்தையும் ஆழத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது, ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை கரை ததும்ப ஓடும் நீர். புல்லும் மரமும் இருந்தவரை சிறுமழை மண்ணுக்குள் போய்விடும். கூரையும் தார்ச்சாலையும் வந்தபின் அதே மழை நேரே ஓடைக்கு வருகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் நீர் இறங்காத தரை 10 சதவீதத்தை எட்டும்போதே எளிதில் பாதிக்கப்படும் உயிரினங்கள் குறையத் தொடங்குவது பல ஓடைகளில் காணப்பட்டிருக்கிறது. 25 சதவீதத்தைத் தாண்டினால் மீட்பது கடினம்.

ஒரு ஹெக்டேர் மனைப்பிரிவை எடுத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் கூரையும் சாலையும். 25 மி.மீ. மழை பெய்தால் விழுவது 250 கன மீட்டர். வழிந்தோடுவது சுமார் 150. அந்த நீரை நேர்ச்சுவர் வைத்த குட்டையில் 1 மீட்டர் ஆழத்துக்குப் பிடித்து, அடியில் 40 மி.மீ. துளை வைத்தால் வடிய ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். பெருமழையை மட்டும் மனதில் வைத்து அங்கே 300 மி.மீ. குழாய் பதித்தால் அரை மணிக்குள் காலி. அந்த மழைக்குக் குட்டை இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பிறகு படுகை இறங்கும். கரையின் அடிமண் அரிபட்டு மரங்கள் வேரோடு சாயும். ஆழமான பள்ளத்துக்குள் வெள்ளம் அடைபட்டு இன்னும் வேகமாக அரிக்கும். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். ஓடையோரம் புதைத்த கழிவுநீர்க் குழாய் வெளியே தெரியும், ஒருநாள் முறியும். அந்தச் செலவு உள்ளாட்சியின் தலையில் விழும். மனையை விற்றவர் அதற்குள் போயிருப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உச்சத்தைக் குறைத்தாலும் நீரின் மொத்த அளவு குறைவதில்லை. அரிக்கும் வேகத்தில் ஓடும் நேரம்தான் நீள்கிறது. கீழ்ப்பகுதிக் குட்டை தாமதித்து விடும் நீர், மேலிருந்து வரும் வெள்ளத்தின் உச்சத்தோடு சேர்ந்துகொண்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

ஆகவே விதியின் வரிசையை மாற்றுங்கள். முதலில், உள்ளூர் மழைப்பதிவில் நூற்றில் தொண்ணூறு மழைகள் எந்த அளவுக்குள் அடங்குகின்றனவோ (பல இடங்களில் 25 மி.மீ. அளவில் இருக்கும்) அந்த நீரை மனைக்குள்ளேயே மண்ணில் இறக்க வேண்டும் அல்லது பயன்படுத்த வேண்டும். அடுத்து, சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை வரும் அளவிலான மழையின் நீரைக் குறைந்தது 24 மணி நேரம் பிடித்து மெல்ல விட வேண்டும். 72 மணிக்குள் குட்டை முழுதும் வடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொசு. இவை இரண்டும் ஆன பிறகுதான் பெருமழை உச்சக் கணக்கு.

சிறு துளை அடைத்துக்கொள்ளும் என்று வாதிடுவார்கள். அடைக்கும்தான், ஓர் இலைக்கொத்து போதும். அதற்காகத் துளையைப் பெரிதாக்கக் கூடாது. துளையைச் சுற்றிச் சல்லிக்கூடு, கம்பி வலை, திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி, இவற்றை வரைபடத்திலேயே கேளுங்கள்.

கரைப்பட்டைக்கு அடியில் குழாய் போட அனுமதிப்பது

கரையோரம் கட்டடம் இல்லாமல் 30 மீட்டர் பசுமைப் பட்டையை விட்டுவிட்டு, சாலைநீரைக் குழாயில் அதன் அடியாகக் கொண்டுபோய் ஓடைக்குள் விட்டால் அந்தப் பட்டைக்கு வேலையே இல்லை. குழாய் பட்டையின் வெளிவிளிம்பிலேயே முடிய வேண்டும். நீர் அங்கே சமமட்ட வரம்பின் மேல் பரந்து வழிய வேண்டும்.

சிறு மனைக்கு விலக்கு

மனையைத் துண்டாக்கி ஆளுக்கொரு விலக்கு வாங்குவார்கள். மொத்தத் திட்டப் பரப்பைக் கணக்கில் எடுங்கள்.

கட்டுமானக் காலத்தை மறப்பது

வெறும் மண்ணாகக் கிடக்கும் மாதங்களில்தான் வண்டல் அதிகம் இறங்குகிறது. கூழாங்கல் இடுக்குகளில் இருக்கும் மீன்முட்டைகள் மூச்சுத் திணறிச் சாகும். நிலத்தை ஒரே மூச்சில் உரிக்க விடாதீர்கள், பகுதி பகுதியாகத் திறக்கச் சொல்லுங்கள். 14 நாள் வேலை நடக்காத இடத்தில் வைக்கோலோ புல்லோ போட்டாக வேண்டும். வண்டல் தடுப்புத் துணியின் அடியை 15 செ.மீ. பள்ளத்தில் புதைத்து, இரு முனைகளையும் மேட்டுப்பக்கம் வளைக்க வேண்டும். மேலே நட்டுவிட்டு நிறுத்தினால் நீர் அடியில் புகுந்து ஓடும். ஓடைக்குக் குறுக்கே அந்தத் துணியைக் கட்டவே கூடாது.

கரைவரை புல் வெட்டுவது

வேண்டாம்.

யார் பராமரிப்பது என்று எழுதாமல் விடுவது

முதல் இரண்டு ஆண்டுக்கு வைப்புத்தொகை, அதன்பின் நிலப்பத்திரத்தோடு சேர்ந்து போகும் பொறுப்பு, ஆண்டுக்கு ஒருமுறையும் பெருமழைக்குப் பின்னும் ஆய்வு: மூன்றும் அனுமதி ஆணையிலேயே இருக்கட்டும். குட்டைவரை வண்டி இறங்க 3 மீட்டர் அகலத்தில் ஒரு வழியையும் அதில் குறித்துவிடுங்கள். வழி இல்லாத குட்டையில் வண்டலை யாரும் அள்ளமாட்டார்கள்.