தேசிய விளையாட்டு அமைப்பில் பயனர் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய விளையாட்டு ஆணையம் போன்ற ஒரு தேசிய அமைப்பு செயலி ஒன்றையோ இணையதளம் ஒன்றையோ உருவாக்கும்போது, அதைப் பயன்படுத்தப்போகும் வீரர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர்கள் ஆகியோரை நேரில் சந்தித்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டறிந்து சொல்வதே பயனர் ஆய்வாளரின் வேலை. வங்கிச் செயலிகளிலும் வணிகத் தளங்களிலும் இதே வேலையைச் செய்து பழகியவர்கள் இத்துறைக்கு வந்ததும் செய்யும் தவறுகளில் பல, ஒரே ஓர் உண்மையை மறப்பதால் வருபவை. வங்கி பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் வேறு வங்கிக்குப் போய்விடலாம். விளையாட்டு வீரருக்கு அப்படிப் போக வேறு இடமில்லை. அவரைத் தேர்ந்தெடுப்பது, விடுதியில் தங்கவைப்பது, உதவித்தொகை வழங்குவது, ஆட்டத்திறன் குறைந்தால் பட்டியலிலிருந்து நீக்குவது ஆகிய எல்லா அதிகாரமும் ஆய்வாளரை அனுப்பிவைத்த தரப்பிடமே இருக்கிறது.

ஆகவே, பயிற்சியாளரோ விடுதிக் காப்பாளரோ இருக்கும் அறையில் நேர்காணல் நடத்துவதைத்தான் முதன்மையான தவறாக நான் கருதுகிறேன். தொடக்க காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு விடுதியில் 400 மீட்டர் ஓடும் பதினாறு வயதுப் பெண்ணிடம், பயிற்சியாளரின் மேசைக்கு எதிரே அமர்ந்து, வீரர் பதிவுச் செயலியைப் பற்றிக் கேட்டேன். “எல்லாம் நல்லாருக்கு மேடம்” என்றாள். மேசைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டை விட்டு அவள் கண் நகரவில்லை. மறுநாள் மாலை பயிற்சி முடிந்து, மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பைக்ஸில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு குச்சியால் தட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: “அக்கா, அந்த ஆப்பை நான் தொறந்ததே இல்ல. பாஸ்வேர்டு மாஸ்டர்கிட்ட இருக்கு. ஓடிபி ஊர்ல எங்க மாமா போனுக்குப் போகும்.”

முதல் நாள் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு நான் ஊர் திரும்பியிருந்தால், அவளை மனநிறைவுள்ள பயனர் என்று அறிக்கையில் எழுதியிருப்பேன். கணக்கின் பெயரில் இருப்பவரும் கைபேசியைக் கையில் வைத்திருப்பவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ஒரே பயிற்சியாளர் இரவு உணவுக்குப்பின் முப்பது பிள்ளைகளின் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து விவரங்களை நிரப்பினாலும், அலுவலகத் திரையில் முப்பது பேர் தாமாகவே நுழைந்ததாகத்தான் தெரியும். இளம் வீரர்களுக்கான மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அப்படிப்பட்ட தொகை வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி யாருடைய எண்ணுக்குப் போகிறது, அதை யார் படித்து யாரிடம் சொல்கிறார்கள் என்று விசாரிப்பது, பொத்தானின் நிறத்தைப் பற்றி விசாரிப்பதைவிடப் பலமடங்கு முக்கியம். வீரரை மட்டும் பார்த்துவிட்டு வராமல் மாமாவையும் பாருங்கள். பயிற்சியாளரையும் குற்றவாளியைப் போல் நடத்தாமல், முப்பது கணக்குகளின் சுமையைத் தனியாகச் சுமக்கும் ஒரு பயனராகவே பாருங்கள்.

அலுவலக மேசையில் அரை மணி நேரம் படிவத்தைச் சோதித்துவிட்டு, பயன்படுத்த எளிதாக உள்ளது என்று சான்று தருவதும் பெருந்தவறு. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, பதிவுசெய்யப்பட்ட பரிசோதனைப் பட்டியலில், அதாவது முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியலில், உள்ள வீரர், தாம் இருக்கும் இடத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே தெரிவிப்பதோடு, நாள்தோறும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஏதேனும் ஒரு 60 நிமிடம் எங்கே இருப்பார் என்பதையும் குறிப்பிட வேண்டும். 12 மாதங்களுக்குள் மூன்று முறை இதில் தவறினால், உடலில் எந்த மருந்தும் இல்லாவிட்டாலும், 2 ஆண்டுகள் வரை தடை விதிக்கப்படலாம். மடிக்கணினியில் அந்தப் படிவத்தை நிரப்புவது கடினமில்லை. ஆனால் முகாம் ஒருநாள் முன்னதாக முடிந்து, இரவு ரயிலில் அலைவரிசை இல்லாமல் ஊர் போய்ச்சேர்ந்து, கதவு எண்ணே இல்லாத ஒரு வீட்டில் அத்தையின் மகள் கல்யாணத்துக்காகத் தங்கியிருக்கும் வீரர் அதைத் திருத்த மறந்துவிடுகிறார். இத்தகைய பயன்பாட்டை நான்கு வாரமாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் ஒரு குரல்பதிவு அனுப்பச் சொன்னாலே போதும், படிவம் எங்கே வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும்.

களத்தில் இருப்பவர்களை மட்டும் சந்திப்பது எளிது, அமைப்பே பட்டியலைத் தந்துவிடும். ஆனால் பதிவு செய்ய முடியாமல் திரும்பியவர்கள், காயத்தால் விலகியவர்கள், பத்தாம் வகுப்புத் தேர்வோடு நிறுத்தப்பட்ட பெண்கள் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பு 2015இல் பெண்களுக்கான விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கியபோது, அதற்கு அடித்தளமாக அமைந்தது, பிறர் தம்மை எப்படி மதிப்பிடுவார்களோ என்ற அச்சமே பல பெண்களை விளையாட வரவிடாமல் தடுக்கிறது என்ற கண்டறிதல்தான். ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருந்தவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்த அச்சம் அத்தனை தெளிவாக வெளிப்பட்டிருக்காது.

பிள்ளைகளின் ஒப்புதலைச் சடங்காகக் கருதுவது மன்னிக்கத்தக்கதன்று. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுத்து, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. வசதிக்காக விடுதி அலுவலகத்தில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளக் கூடாது. பெற்றோர் சம்மதித்த பின்னும், வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுக்க வேண்டும். அதேபோல், “நீ என்ன சொன்னாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று ஒருபோதும் வாக்களிக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை ஆய்வாளருக்கும் உண்டு. இதை உரையாடலின் தொடக்கத்திலேயே, அந்தப் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும்.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்புவதும் ஆபத்தானது. “17 வயது, கோலூன்றித் தாண்டுதல், தென்மாவட்டம்” என்று எழுதினாலே, அந்தப் பிரிவில் ஆடுபவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள் என்பதால், தேர்வுக்குழுவில் அமர்ந்திருப்பவருக்கு அது யாரென்று உடனே தெரிந்துவிடும். விளையாட்டு, வயது, ஊர் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு மேல் அறிக்கையில் எழுதுவதில்லை என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். மேற்கோளில் உள்ள வட்டாரச் சொற்களும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், தேவைப்பட்டால் அவற்றையும் பொதுமொழியில் மாற்றிவிடுகிறேன். அழகான மேற்கோள் ஒன்று போனால் போகட்டும்.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தேர்வுப் போட்டிக்கு முந்தைய வாரத்திலும், இரண்டு பயிற்சிகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்திலும் யாரையும் அழைக்காதீர்கள். பிற்பகல் உறக்கம் அவர்களுடைய பயிற்சியின் ஒரு பகுதி.

ஆய்வு முடிந்ததும் அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டுப் பேசியவர்களை மறந்துவிடுவது, ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு. நான் சொன்ன அந்த ஓட்ட வீராங்கனையின் விடுதிக்குச் சில மாதங்கள் கழித்து மீண்டும் சென்று, கைபேசி எண்ணை வீரரே மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது, கடவுச்சொல்லுக்கான வேலை இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “எண்ணை மாத்துனா மாமாவுக்கு மெசேஜ் போகுமா அக்கா?” போகும். அதை யாருமே யோசித்திருக்கவில்லை. அன்று மாலையே குறிப்பேட்டில் அடுத்த சுற்று ஆய்வின் முதல் கேள்வியாக அதை எழுதிக்கொண்டேன்.