பிள்ளையை நூலகத்தில் சேர்ப்பது எப்படி?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கும். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. ஆக, காசு ஏற்கெனவே கட்டியாயிற்று. போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

1. முதலில் நீங்கள் மட்டும் பக்கத்துக் கிளை நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பல கிளைகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். பலகையைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பிள்ளையை மறுபடி கிளப்புவது பெரும் பாடு.

2. உறுப்பினர் படிவத்தை வாங்கி நிரப்புங்கள். காப்புத்தொகையும் சிறு சந்தாவும் உண்டு. காப்புத்தொகை விலகும்போது திரும்பக் கிடைக்கும்.

3. இனி பிள்ளையோடு போகலாம். புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும். இதில்தான் நான் சறுக்கினேன். இரண்டாம் வகுப்பு படித்த என் மகளுக்கு, 'உபயோகமாக இருக்கும்' என்று தடிமனான பொது அறிவுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் டிவி மேல் கிடந்து, பிரிக்காமலே திரும்பிப் போனது. அடுத்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. கீழ்த்தட்டின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அட்டை கிழிந்த யானைக் கதை ஒன்றை இழுத்தாள். பதினாறே பக்கம். பஸ்ஸிலேயே இரண்டு தடவை படித்துவிட்டாள். வயதுக்குச் சின்னதாயிற்றே என்று நினைக்காதீர்கள்.

4. புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைக் காட்டுங்கள். திருப்பித் தர வேண்டிய நாளைப் பிள்ளையே காலண்டரில் வட்டமிடட்டும். அந்தச் சீட்டில் பழைய தேதிகளும் வரிசையாக இருக்கும். நமக்கு முன்னால் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணுவதே என் மகளுக்கு ஒரு விளையாட்டு.

5. பள்ளியில் புராஜெக்ட் கொடுத்தால் உடனே பிரவுசிங் சென்டருக்கு ஓடாதீர்கள். "மண்புழு பத்திப் புத்தகம் இருக்கா சார்?" என்று பிள்ளையே நூலகரிடம் கேட்கட்டும். முதல் தடவை குரல் எழும்பாது. நீங்கள் முந்திக்கொண்டு கேட்டுவிடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

லீவில் வாய்த்தால் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ கூட்டிப்போங்கள். இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

அப்புறம், பக்கம் கிழிந்துவிட்டால் வீட்டில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆக மஞ்சளாகித் தாளையே கெடுத்துவிடும். அப்படியே கொண்டுபோய், கிழிந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.