மாணவி முதலில் சொல்வது யாரிடம்? நீலகிரிக் கல்லூரி ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் முறை

கல்லூரியில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்கும், உறுப்பினர் பெயர்களும் சுவரில் ஒட்டியிருக்கும். ஆனால் பாலியல் தொல்லைக்கோ வன்முறைக்கோ ஆளான மாணவி முதலில் வாய் திறப்பது அங்கே அல்ல. வெந்நீர் பிடிக்க வரும்போது விடுதிச் சமையல்கார அக்காவிடம் சொல்வார், ரெக்கார்டு நோட்டைக் கொடுக்க வரும்போது லேப் உதவியாளரிடம் சொல்வார். அதனால் பயிற்சி பேராசிரியர்களோடு நின்றுவிடக் கூடாது. வார்டன், வாட்ச்மேன், கல்லூரி வண்டி ஓட்டுநர் எல்லோரும் வரவேண்டும்.

ஒரு குழுவில் 12 முதல் 15 பேர், மூன்று மணி நேரம், பருவத்துக்கு ஒருமுறை. முதல்வர் உட்கார்ந்திருக்கும் அறையில் துப்புரவுப் பணியாளர் பேசமாட்டார், ஆகவே குழுக்களைப் பிரித்து நடத்துங்கள். வந்திருப்பவர்களில் சிலர் தாங்களே இதைக் கடந்தவர்களாக இருக்கலாம். "எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, வெளியே ஆறுதலாகப் பேசத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.

சட்டத்துக்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் முழுக்கப் பழக்கம்தான், ஏனென்றால் சொற்பொழிவு கேட்டவர்கூட நிஜத்தில் பதறிப்போய் "அந்நேரத்துக்கு அங்கே ஏன் போனே?" என்று கேட்டுவிடுகிறார். அந்த ஒரு கேள்வியோடு மாணவி பேச்சை நிறுத்திக்கொள்வார். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் சொல்பவர், ஒருவர் கேட்பவர், மூன்றாமவர் கேட்பவரின் வாயிலிருந்து எத்தனை 'ஏன்' வருகிறது என்று எண்ணுபவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். எல்லோரும் தடுமாறுவது மௌனத்தில்தான். அரை நிமிடம் பேசாமல் இருக்கத் தனியாகப் பழக்குங்கள். மனதில் நிற்கவேண்டியவை மூன்றே வாக்கியங்கள்: "நீ சொன்னதை நான் நம்புறேம்மா. இதுல உன் தப்பு எதுவும் இல்லை. இப்போ உனக்கு என்ன செய்யணும், சொல்லு." மாணவனோ திருநர் மாணவரோ வந்து சொன்னாலும் இதே வார்த்தைகள்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யக் கூடாது. முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 18 நிரம்பாதவர் என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை. இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே பக்குவமாகச் சொல்லிவிட்டால் பிற்பாடு துரோகமாகத் தெரியாது. 18 நிரம்பியவர் என்றால் காவல் நிலையத்துக்குப் போவதா, வீட்டுக்குச் சொல்வதா என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும். பதற்றத்தில் அப்பாவுக்குப் போன் போடுவதுதான் வார்டன்கள் அதிகம் செய்யும் பிழை. படிப்பே நின்றுபோகும் ஆபத்து அதில் இருக்கிறது.

நடந்தது பாலியல் வன்முறை என்றால் மருத்துவமனைக்குப் போவதில் தாமதம் கூடாது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடவேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போலீஸ் புகார் கொடுக்காமலே சிகிச்சை பெறலாம். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம். குளிக்காமல், உடை மாற்றாமல் போனால் தடயம் நிற்கும். ஏற்கெனவே குளித்திருந்தாலும் போகலாம், அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். கழற்றிய உடையைக் காகிதப் பையில் வையுங்கள். ஊட்டி ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும்.

மலையில் ரகசியம் காப்பது தனிப் பாடம். பஸ் கண்டக்டர் சித்தப்பாவாக இருப்பார், வார்டு நர்ஸ் அதே ஹட்டியை, அதாவது அதே படுகர் ஊரைச் சேர்ந்தவராக இருப்பார். எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று மாணவியிடமே கேளுங்கள். விடுதி வெளியேறும் பதிவேட்டில் 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதுங்கள். படுகு, மலையாளம், பணியர் மொழி பேசுபவர் என்றால் மொழிபெயர்க்க அவருடைய உறவினரைக் கூப்பிடாதீர்கள்.

குறிப்பு எழுதும்போது தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள், இவ்வளவு போதும். திரும்பத் திரும்ப எழுதி வாங்க வேண்டாம். உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம் உண்டு, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடியவேண்டும். அதுவரை குற்றஞ்சாட்டப்பட்ட ஆசிரியர் அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம். மாணவியே கேட்டாலொழிய சமரசப் பேச்சு கிடையாது, பணம் வாங்கித் தருவது அறவே கூடாது.

கடைசியாக, ஆளுக்கொரு சட்டைப்பை அட்டை: பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112, 18 வயதுக்குக் கீழே 1098, மனநல ஆலோசனைக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. அதோடு குழுத் தலைவரின் எண்ணும், இரவில் வரக்கூடிய வண்டி ஓட்டுநரின் எண்ணும். போனில் சேமித்து வைத்தால் போதாதா என்பார்கள். ஐப்பசி மழையில் கரன்ட் போய், சார்ஜும் தீர்ந்த இரவில் அட்டைதான் கைகொடுக்கும்.