லேண்டிங் கியர் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? (வீட்டில் ஏ320 ஓட்டுகிறவர்களுக்கு)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பைலட் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற ஆள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு) கோளாறு காரணமாக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்ததே, அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டு "ஏன் உடனே இறக்காமல் சுத்திக்கிட்டே இருக்காங்க?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் உருப்படியான பதில் இல்லை. (எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்தார்கள். பத்திரமாக இறங்கினார்கள்.) மறுநாளே லேண்டிங் கியர், அதாவது விமானத்தின் சக்கர அமைப்பு, அதன் பழுதுகளைப் பழக ஆரம்பித்தேன். அது போயிங் 737, எனக்குத் தெரிந்தது ஏர்பஸ் ஏ320, அதனால் இங்கே ஏ320 முறைதான்.

எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டரில் டோலிஸ் நிறுவனம் செய்த விமானம் வைத்திருந்தால் போதும், பழுதுகளை நாமே தேர்ந்தெடுக்கலாம். செக்லிஸ்ட்டை டேப்லெட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், தாளில் அச்சடித்துக் கையில் வையுங்கள். பதற்றத்தில் திரையைத் தள்ளித் தள்ளித் தேடுவது நடக்கிற காரியமில்லை.

படி 1: விமானத்தை ஓட்டுங்கள்

கியர் லீவரைக் கீழே தள்ளியாயிற்று, மூன்று பச்சைக்குப் பதில் ஒன்று சிவப்பாகவே நிற்கிறது, மணி விடாமல் அடிக்கிறது, விமானத்தின் நிலையையும் பழுதுகளையும் காட்டும் ஈகேம் திரையில் கியர் பூட்டவில்லை என்ற செய்தி. இறங்குவதை நிறுத்துங்கள். தரையிறக்கத்தைக் கைவிட்டு மேலே போனால், பழக்கதோஷத்தில் கியரை மடக்கிவிடாதீர்கள், நான் இரண்டு முறை மடக்கியிருக்கிறேன். பாதுகாப்பான உயரத்துக்குப் போய், வேகத்தை 200 நாட் (மணிக்கு 200 கடல் மைல்) அளவில் வைத்து, ஆட்டோபைலட்டைப் போட்டு, கட்டுப்பாட்டு மையத்திடம் சொல்லிவிட்டு அப்புறம் திரையைப் பாருங்கள். நிஜ காக்பிட்டில் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் செக்லிஸ்ட் படிப்பார், இரண்டு பேரும் விளக்கையே பார்க்கக் கூடாது. 1972 டிசம்பரில் மயாமியை நெருங்கிய ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கர விளக்கின் பல்ப்தான் பியூஸ் போயிருந்தது. மொத்தக் குழுவும் அந்த பல்பிலேயே மூழ்கியிருந்தபோது ஆட்டோபைலட்டின் உயரப் பிடிப்பு விலகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, விமானம் மெதுவாக இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

படி 2: முக்கோணங்களை எண்ணுங்கள்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். சக்கரங்களின் நிலையைக் கவனிக்க எல்ஜிசிஐயூ என்று இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனி சென்சார்கள். லீவர் அருகே இருக்கிற மூன்று விளக்குகளுக்குத் தகவல் தருவது முதல் கம்ப்யூட்டர் மட்டும். ஈகேமில் வீல் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு முக்கோணங்கள் தெரியும், கம்ப்யூட்டருக்கு ஒன்று. ஒரு சக்கரத்தில் ஒரு முக்கோணம் சிவப்பு, மற்றது பச்சை என்றால் என்ன அர்த்தம்? சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டது, ஒரு பச்சை போதும். இது தெரியாமல் நான் விளக்கின் சிவப்பை மட்டும் நம்பி, அவசர முறையில் கியரை இறக்கி, தொடுகிற நேரத்தில் இன்ஜின்களையும் அணைத்து, கச்சிதமாக இருந்த ஒரு விமானத்தை ஓடுபாதை நடுவில் நிறுத்திவைத்தேன். பழுது ஒரே ஒரு சென்சார்! மூன்று வாரம் இதே தப்பு.

737 ஓட்டுகிறவர்களுக்கு: உங்கள் தலைக்கு மேலே பின்பக்கப் பலகையில் இன்னொரு செட் பச்சை விளக்குகள் உண்டு. அந்தந்தச் சக்கரத்துக்கு இரண்டு இடத்தில் எதிலாவது பச்சை எரிந்தால் சரி.

படி 3: ஒருமுறை மடக்கி இறக்குங்கள்

இரண்டுமே சிவப்பு என்றால் லீவரை மேலே தள்ளி மறுபடி கீழே. மடக்க 220 நாட், இறக்க 250 நாட் உச்ச வரம்பு. ஒவ்வொரு முறை மடக்கும்போதும் கட்டுப்பாடு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றதற்கு மாறும், அதனாலேயே பல நேரம் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

படி 4: கைப்பிடி

அதுவும் ஆகவில்லையா, இரு பைலட்டுகளுக்கும் நடுவே இருக்கும் பலகையின் பின்முனையில் மடங்கிய கைப்பிடி ஒன்று இருக்கும். வெளியே இழுத்து வலப்பக்கமாக மூன்று முழுச் சுற்று, பிறகு லீவர் கீழே. ஹைட்ராலிக் துண்டிக்கப்பட்டு, கதவுகள் திறந்து, சக்கரங்கள் தம் எடையிலேயே விழும். மவுஸால் சுற்றும்போது இரண்டரைச் சுற்றில் நின்றுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பிறகு முன்சக்கரத்தைத் திருப்ப முடியாது, இழுத்துப் போக வண்டி வரும்.

படி 5: கடிகாரம்

தாளில் ஒரு நேரத்தை எழுதிவையுங்கள்: இத்தனை மணிக்கு என்ன நிலையானாலும் இறங்குகிறேன். 1978-இல் போர்ட்லண்டில் யுனைடெட் 173 கியர் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டே இருந்து எரிபொருள் தீர்ந்து விழுந்தது, பத்துப் பேர் இறந்தார்கள். ஏ320-இல் எரிபொருளை வெளியே கொட்ட வழியில்லை, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். எரிப்பதற்காகச் சுற்றும்போதுகூட எவ்வளவு மிச்சம் வைக்கிறோம் என்பதில் கண் இருக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரு சக்கரம் வரவில்லை என்றால் அது வேறு செக்லிஸ்ட், தனிப் பதிவாக எழுதுகிறேன்.

பின்சேர்க்கை 1: கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு (டவர்) அருகே தாழப் பறந்து, சக்கரம் வந்திருக்கிறதா என்று அங்கே இருப்பவர்களைப் பார்க்கச் சொல்லலாமா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம். சக்கரம் வெளியே தொங்குவது அவர்களுக்குத் தெரியும், பூட்டியிருக்கிறதா என்பது தெரியாது.

பின்சேர்க்கை 2: சர்க்யூட் பிரேக்கர்களை (கோளாறு வந்தால் வெளியே வந்து மின்சுற்றைத் துண்டிக்கும் பொத்தான்கள்) பார்க்க வேண்டுமா என்ற கேள்வி. 2011 நவம்பர் 1 அன்று வார்சாவில் கேப்டன் டாடியூஷ் விரோனா ஒரு போயிங் 767-ஐச் சக்கரமே இல்லாமல் வயிற்றால் இறக்கினார், யாருக்கும் காயமில்லை. விமானத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது ஒரு பிரேக்கர் திறந்துகிடந்தது, அதை உள்ளே தள்ளியதும் மாற்று முறையில் சக்கரங்கள் இறங்கிவிட்டன. ஆகவே பிரேக்கர் பலகையை ஒருமுறை பாருங்கள். ஆனால் வெளியே வந்திருக்கிறதே என்று கண்டதையெல்லாம் அழுத்தாதீர்கள், செக்லிஸ்ட் சொன்னால் மட்டும்.